பதினெட்டு ராத்தல் கேக்கு

“ஒரே ஒரு ஆளுக்கா?”

ரொட்டிக் கடை காஜா மொய்தீன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். புருவத்திலும் தாடியிலும் மைதா மாவு அப்பியிருந்ததால், அவர் ஆச்சரியப்படுகிறாரா கோபப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“ஒரே ஒருத்திக்குத்தான் பாய். அரை ராத்தல் கேக்கு போதும்,” என்றாள் காத்தூன் பீவி.

“என்னிக்குத் துன்னணும்?”

“பதினேழாந் தேதி.”

“இன்னிக்கு ஆறுதானே? பதினாறாந் தேதி சாயங்காலமா வந்து வாங்கிக்கக்கா. அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“பதினாறாந் தேதி அவ நடுக்கடல்ல இருப்பா பாய். பதிமூணாந் தேதியே கப்பலு.”

காஜா மொய்தீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டார்.

“குந்துக்கா. மொதல்லேர்ந்து சொல்லு.”

சொல்வதற்கு அதிகம் இல்லை. காத்தூன் பீவியும் பூவம்மாவும் தண்டையார்பேட்டை வேர்க்கடலைக் கிடங்கில் பத்தொன்பது வருஷமாக ஒரே கோணியில் உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்குகிறவர்கள். பூவம்மாவின் ஒரே மகன் பக்தவச்சலம் பினாங்குத் துறைமுகத்தில் வேலையாயிருந்தான். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. “நீ வந்து எங்களோடயே இரும்மா” என்று கப்பல் சீட்டு அனுப்பிவிட்டான். பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தவர் ராயபுரத்து ஏஜண்டு தண்டபாணி.

பாஸ்போர்ட் வந்த அன்றைக்குப் பூவம்மா ஓடி வந்த ஓட்டம் இருக்கிறதே, காத்தூன் வீட்டுக் கோழிகளெல்லாம் கூரை ஏறிவிட்டன.

“காத்தூனு! என் பொறந்த நாள கண்டுபிடிச்சிட்டாங்கடி!”

“யாருடி?”

“சர்க்காருதான்! மார்ச்சு மாசம் பதினேழாந் தேதியாம். பாஸ்போட்டுல எழுதி, சிங்கம் போட்ட முத்திரை குத்தி கீது. ஏஜண்டு படிச்சுக் காட்டினாரு. தெனம் பத்து வாட்டி சொல்லிப் பாரு, கப்பலு ஏறும்போது கேப்பாங்கன்னாரு.”

“உங்கம்மாவுக்கே தெரியாத தேதி சர்க்காருக்கு எப்பிடிடி தெரியும்?”

“இன்னாடி நீயி! ரேஷன் கார்டுல நம்ம வூட்ல எத்தினி வாயின்னு எழுதி வெச்சுகினு கீறான். இத்த எழுதி வெச்சிருக்க மாட்டானா?”

அதுவும் சரிதான் என்று காத்தூனுக்குப் பட்டது. புயலடித்துப் படகுகள் போன வருஷத்தில் பிறந்தவள் என்பதற்கு மேல் பூவம்மாவுக்குத் தன்னைப் பற்றி எந்தக் கணக்கும் தெரியாது. ஒரு நாள் கிடங்கிலிருந்து வரும் வழியில், ரயிலில் கொடி காட்டும் கார்டு துரை வீட்டு மதில் மேல் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெண் குழந்தை கேக்குமேல் எரிந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பூவம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “நமக்கெல்லாம் எவண்டி எழுதி வெச்சான்?” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு காத்தூனுக்கு மறக்கவேயில்லை.

இப்போதுதான் எழுதி வைத்துவிட்டார்களே! அதனால்தான் அரை ராத்தல் கேக்கு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு காஜா மொய்தீன் தாடியைச் சொறிந்தார். மாவு கொட்டியது.

“அரை ராத்தல் கேக்கு நாலு நாளு உப்புக் காத்துல கெடந்தா செங்கல்லாப் பூடும். அத்த வெச்சுப் பெனாங்குல வூடுதான் கட்டணும்.”

“அப்ப இன்னா பண்றது பாய்?”

“பிராந்தில ஊற வெச்ச திராட்சை போட்டா ஒரு மாசம் ஆனாலும்…”

“யா அல்லா!” காத்தூன் காதைப் பொத்திக்கொண்டாள்.

“நான் போடறேன்னா சொன்னேன்? தொரைமாருங்க போடுவாங்கன்னேன். நமக்கு ஒரே வழிதான் கீது. பெரிசாப் பண்ணணும். மேல காஞ்சாலும் உள்ள ஈரம் நிக்கும். நாலு ராத்தல்.”

“ஒருத்திக்கு நாலு ராத்தலா?”

“சுத்தியும் செதுக்கிப் போட்டா நடுவுல அரை ராத்தல் தேறும்க்கா.”

காத்தூன் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

“மேல பேரு எழுதணுமா?”

“அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்காவ எழுதறது?” காத்தூன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வேர்க்கடலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இத்த வரைஞ்சுடு பாய். ஓட்டைப் பொளந்து வெச்சாப்புல. உள்ள ரெண்டு பருப்பும் தெரியணும்.”

“நான் ரோசாப்பூ போடுவேன், மணி போடுவேன். கடலைக்கா போட்டதில்லையேக்கா.”

சொன்னாரே தவிர, கடலையைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவர் தாவூதிடம் சொன்னாள். தாவூது துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். எதையும் தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் பார்க்கிற மனுஷர்.

“கேக்க யாரு கையில குடுப்ப?”

“அவ கையிலதான்.”

“பதிமூணாந் தேதி குடுத்தா பதிமூணாந் தேதியே துன்னுடுவா. பதினேழாந் தேதிக்கு இன்னா பண்ணுவா?”

காத்தூன் இதை யோசிக்கவில்லை. நல்லவேளையாக அந்தக் கப்பலின் சமையல்காரன் ஜஹாங்கீர், தாவூதின் பழைய தோஸ்து. அவனை வீட்டுக்கு இட்டுவந்து டீ கொடுத்தார்கள்.

“பதினேழாந் தேதி காத்தால நானே மெழுகுவத்தி ஏத்திக் குடுத்துடறேன் அண்ணி. ஆனா ஒண்ணு. கப்பல்ல எலி கீது. ஒவ்வொண்ணும் நம்ம வண்ணாரப்பேட்டை பூனை அளவுக்கு. தகரம் அடிச்ச தேயிலைப் பெட்டில வெச்சுக் குடுத்தாத்தான் ஆச்சு.”

மறுநாளே தாவூது ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே இறங்கி ஒரு ஆள் உட்காரலாம். நாலு ராத்தல் கேக்குக்குப் பதிலாக ஒரு பரங்கிக்காயை உள்ளே வைத்தார்.

“அலை இப்பிடித்தான் அடிக்கும்,” என்று பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தடார், புடார் என்றது. திறந்து பார்த்தால் பரங்கிக்காய் நாலு துண்டு. அதைக் குழம்பு வைத்துவிட்டு, காத்தூன் திரும்பவும் ரொட்டிக் கடைக்கு ஓடினாள்.

“வைக்கோலு அடைக்கலாமா பாய்?”

“கேக்குல மாட்டுக் கொட்டாய் வாசனை அடிக்கும்.”

“பஞ்சு?”

“ஒட்டிக்கும். அப்பால அந்தம்மா கேக்குத் துன்றாங்களா, தலவாணி துன்றாங்களான்னு தெரியாது.” காஜா மொய்தீன் பெட்டியின் அளவைக் கேட்டார். முழம் போட்டுப் பார்த்தார். திடீரென்று அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “பெட்டி அடிப்பக்கம் முழுசும் நெறையறாப்புல கேக்கு பண்ணிட்டா அது எங்கக்கா உருளும்? உருள எடம்?”

“எத்தினி ராத்தல் பாய் ஆவும்?”

“பதினெட்டு.”

காத்தூன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். சர்க்கரை, மைதா எல்லாம் ரேஷன். பதினெட்டு ராத்தல் கேக்குக்கு வேண்டிய சர்க்கரையை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மதில் மேல் எட்டிப் பார்த்த அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் கிடங்கில் பூவம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்காரும் மங்கையிடம் மட்டும் சொன்னாள். மங்கையிடம் சொன்னால் கிடங்கு முழுக்கச் சொன்ன மாதிரி.

“அடிப்பாவி, எங்கிட்ட மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். ஜீனத் ஒரு டம்ளர் ரேஷன் சர்க்கரை. சொக்கம்மாள் எட்டு வாத்து முட்டை. ஒருத்தி முந்தானையில் திராட்சை. இன்னொருத்தி, பேரப்பிள்ளைக்கு என்று ஒளித்து வைத்திருந்த வெண்ணெய். யாரிடம் போதும் என்று சொன்னாலும் முகம் சுருங்கியது.

“அவ சர்க்கரைய வாங்கிகினே, என்து மட்டும் கசக்குதா?”

எல்லாம் வந்தது. ஒரே கட்டுப்பாடு, பூவம்மாவுக்குத் தெரியக் கூடாது.

ஆனால் பதினெட்டுப் பெண்கள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பூவம்மா உள்ளே வந்ததும் அத்தனை வாயும் டக்கென்று மூடிக்கொண்டது. அவள் அந்தப் பக்கம் போனதும் குசுகுசுவென்று பேச்சு. திரும்பினால் எல்லாரும் கடலை பொறுக்கினார்கள். சங்கு ஊதியதும் காத்தூன் அவளுக்காகக் காத்திராமல் ரொட்டிக் கடைக்கு ஓடினாள். பத்தொன்பது வருஷம் சேர்ந்து நடந்த தெருவில் பூவம்மா தனியாக நடந்து போனாள்.

கடைசி நாள் வேலை முடிந்ததும் பூவம்மா முறத்தை ஓரமாக வைத்தாள்.

“நான் இன்னும் கப்பலு ஏறலடி காத்தூனு. அதுக்குள்ள மறந்துட்டியா?”

“இன்னா பூவு இப்பிடிப் பேசற? கொஞ்சம் வேலை கீது, அதான்…”

“இன்னா வேலை?”

காத்தூன் வாயைத் திறந்தாள். பூவம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதினேழு பேர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“சரி,” என்றாள் பூவம்மா. மடியில் இருந்த தோலை உதறினாள். “பதிமூணாந் தேதி நீ கப்பலாண்ட வர வேணாம். உன்க்குத்தான் வேலை கீதே.”

அன்று காத்தூனுக்குச் சோறு இறங்கவில்லை. “அவ வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்துடட்டுமா?” என்று தாவூதிடம் கேட்டாள்.

“சொன்னா கோவம் போயிடும். பொறந்த நாளும் பூடும்,” என்றார் தாவூது. “நாலு நாளு பொறுத்துக்க. பதினேழாந் தேதி பெட்டியத் தெறந்தான்னா அவளுக்கே வெளங்கிடும்.”

வாஸ்தவம். ஆனால் பெட்டி கப்பலேறினால்தானே? ஏறாமல் போனால், அந்தக் கோபத்தோடு பூவம்மா கடலைத் தாண்டிப் போய்விடுவாள். கடிதம் எழுதித் தெளிவாக்கலாம் என்றால் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. 

பதிமூணாந் தேதி காலை, கைவண்டியில் தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்குப் போனது. தாவூது இழுத்தார். காத்தூன் தள்ளினாள். காஜா மொய்தீன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டிமேல் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தார். பள்ளம் வரும்போதெல்லாம், “மெதுவா நைனா, மெதுவா!” என்று வண்டிச் சக்கரத்திடம் கெஞ்சினார்.

ஜஹாங்கீர் சொன்னபடி காத்திருந்தான். ஆனால் சுங்க ஆபீசர் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போடாமல் எந்தப் பெட்டியும் உள்ளே போகாது. ஆபீசர் மூடியைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“கேக்குங்க.”

“எத்தனை பேருக்கு?”

“ஒருத்திக்குங்க.”

ஆபீசர் தராசைக் கொண்டுவரச் சொன்னார். சுத்தமாகப் பதினெட்டு ராத்தல். காஜா மொய்தீனுக்கு அந்த நிலைமையிலும் பெருமை தாங்கவில்லை.

“பயணி ஒருத்தருக்கு ஒரு ராத்தல் தின்பண்டம்தான் கணக்கு,” என்றார் ஆபீசர். “சர்க்கரையும் மைதாவும் ரேஷன்ல இருக்கிற நாள்ல பதினெட்டு ராத்தலை வெளிநாட்டுக்கு அனுப்பினா அதுக்குப் பேரு வியாபாரம். ஒரு ராத்தலை வெட்டி எடுத்துக்கொண்டு போங்க. பாக்கி இங்கேயே நிற்கட்டும்.”

“சார், வெட்டினா நடுவுல கீற கடலைக்கா கெட்டுப் பூடும் சார்,” என்று காஜா மொய்தீன் குறுக்கே விழுந்தார்.

“கடலை வேற இருக்கா? கடலை ஏற்றுமதிக்குத் தனியா லைசென்ஸ் வேணுமே!”

“வரைஞ்ச கடலைக்கா சார்!”

ஆபீசர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சர்க்கரைப் பாகின் மேல் ஒரு பெரிய கடலை, ஓடு பிளந்து, பழுப்பு நிறத்தில் கிடந்தது. உள்ளே ஒட்டிக்கொண்டு இரண்டு பருப்பு. ஒரு பருப்பு கொஞ்சம் பெரிது.

“அழகாத்தான் இருக்கு,” என்றார் ஆபீசர். “சட்டம் சட்டம்தான். ஒரு கத்தி கொண்டுவாப்பா.”

கத்தி வருவதற்குள் ஏஜண்டு தண்டபாணி தன் பயணிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கக்கத்தில் ஒரு கட்டுப் பாஸ்போர்ட். வரிசையில் நின்றவர்கள் எல்லாருடைய உதடும் முணுமுணுவென்று அசைந்துகொண்டிருந்தது. பாவம், முதல் தடவை கடல் ஏறுகிறார்கள், அவரவர் தெய்வத்தை வேண்டிக்கொள்கிறார்கள் என்று காத்தூன் நினைத்துக்கொண்டாள்.

வரிசையில் நாலாவதாகத் தகரப் பெட்டியோடு பூவம்மா. அவள் உதடும் அசைந்தது. காத்தூனைப் பார்த்ததும் அது நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் வெட்டட்டும்?” என்றார் ஆபீசர்.

காஜா மொய்தீன் கண்ணை மூடிக்கொண்டார். காத்தூன் இரண்டு கையையும் கேக்குக்குக் குறுக்கே விரித்தாள்.

“வெட்டாதீங்க சார்! இது என் பூவுக்கு. அவளுக்கு இது மொதப் பொறந்த நாளு சார். நாப்பது வயசுக்கு மேல ஆயிடுச்சு, இதான் மொதலு!”

தகரப் பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. பூவம்மா வரிசையை விட்டு வந்து தேயிலைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு மதில் மேல் பார்த்த அதே எட்டல்.

“இன்னாடி இது?”

“நீ பதினேழாந் தேதி பாக்க வேண்டியது. ஜீனத்து சர்க்கரை, சொக்கம்மா முட்டை, அல்லாரும் குடுத்தாங்க. இன்னிக்கே பாத்துட்டியே!” காத்தூன் அழுதேவிட்டாள்.

“இதுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சியத் திருப்பிகினு திரிஞ்சியா?”

“நீதாண்டி திருப்பிகினே.”

“நீ திருப்பினதால நான் திருப்பினேன்.” பூவம்மா மூக்கை உறிஞ்சினாள். விரலைக் கேக்கின் மேல் படாமல் நீட்டினாள். “இதுல எந்தப் பருப்பு நீயி?”

“பெரிசு.”

“வயசுல நான்தான் பெரியவ. சர்க்காரே எழுதிக் குடுத்துகீது.”

இரண்டு பேரும் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாமல் ஆபீசர் கத்தியோடு நின்றார். தொண்டையைச் செருமினார். குரல் முன்னைவிட இறங்கியிருந்தது.

“நான் கல் நெஞ்சக்காரன் இல்லம்மா. பிறந்த நாளுக்குன்னு போனா நல்லதுதான். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு பிறந்த நாள். ஒரு பிறந்த நாளுக்கு ஒரு ராத்தல். பாக்கி பதினேழு ராத்தலுக்கு நான் யார் பேரை எழுதறது?” பிறகு சந்தேகம் வந்தவராக, “பிறந்த நாளாவது நிஜந்தானா?” என்றார்.

“சொல்லுடி பூவு!” என்றாள் காத்தூன்.

பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகியிருந்த அந்தத் தேதியைக் கணீரென்று சொன்னாள்:

“மார்ச்சு பதினேழு!”

ஏஜண்டு தண்டபாணிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. பாஸ்போர்ட் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

பூவம்மாவுக்கு அடுத்து நின்ற கிழவர் கிருஷ்ணப்பன், பினாங்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர், முணுமுணுப்பதை நிறுத்தினார். கேக்கைப் பார்த்தார். பூவம்மாவைப் பார்த்தார். திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த நீள வரிசையைப் பார்த்தார். குடையை ஊன்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“கத்திய உள்ள வைங்க சார்! இந்த வரிசைல கீற இருபத்தோரு பேருக்கும் மார்ச்சு பதினேழுதான் பொறந்த நாளுன்னு ஏஜண்டு ஒரு மாசமா மனப்பாடம் பண்ண வெச்சுகினு கீறாரு. நியாயமாப் பாத்தா கேக்குலதான் மூணு ராத்தல் கொறையுது!”